இடிக்கச் சொல்கிறார்கள், முதலில் சீலிங்கைச் சோதியுங்கள்

கேள்வி: சென்னை அடையாறு காந்தி நகரில் 1962இல் மாமனார் கட்டிய வீடு. மொசைக் தரை, தேக்கு ஜன்னல்கள், மாடிப்படியோரம் சிமென்ட் ஜாலி. ஹால் சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஒரு காண்ட்ராக்டர் இடித்துக் கட்டுவதே லாபம் என்கிறார். இன்னொருவர் ஃபால்ஸ் சீலிங், யுபிவிசி ஜன்னல், வெட்ரிஃபைட் டைல்ஸ், எல்லா அறைக்கும் ஏசி என்று எஸ்டிமேட் தந்திருக்கிறார். சுற்றுச்சூழலுக்கும் கரண்ட் பில்லுக்கும் நல்லதாக ஒரு வழி உண்டா?

பதில்: உண்டு. இரண்டாவது எஸ்டிமேட்டில் ஃபால்ஸ் சீலிங் என்ற வரியை இப்போதே அடித்துவிடுங்கள். கம்பி தெரியும் இடத்தை மூடினால் துரு நிற்காது. அடுத்த துண்டு விழும்போதுதான் சேதி தெரியும்.

கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பிக்குக் காப்பு. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடலோரப் பகுதியில் உப்பும் சேர்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். எவ்வளவு ஆழம் பாதித்திருக்கிறது என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஸ்லாபில், அதாவது கான்கிரீட் கூரைத் தளத்தில், ஒரு சில்லு உடைத்து, தூசியை ஊதிவிட்டு, அந்தப் புது முகத்தில் பினாப்தலீன் தெளிக்க வேண்டும். பிளஸ் டூ லேபில் டைட்ரேஷனுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டோமே, அதேதான். ரோஸ் நிறம் வந்த இடத்தில் காரம் இருக்கிறது. நிறம் மாறாத இடத்தில் போய்விட்டது. நிறமற்ற பட்டை கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. ரோஸ் வந்தும் கம்பி துருப்பிடித்திருந்தால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் கான்கிரீட் தூளை லேபுக்கு அனுப்பி குளோரைடு பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் காண்ட்ராக்டரிடம் விடாதீர்கள். வேலை எடுக்கப்போகாத ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் ஒருவருக்கு ஃபீஸ் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். ஸ்லாப் முழுக்கக் கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் சென்டிமென்ட் பார்க்க முடியாது. ஹாலின் ஒரு மூலையும் பாத்ரூம் மேற்கூரையும் மட்டும் என்றால் ரிப்பேர் போதும்: பெயர்ந்ததைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையான பாலிமர் மார்ட்டரால் நிரப்ப வேண்டும். வெறும் சிமென்ட் பூச்சு ஓரிரு மழைக்காலம்கூடத் தாங்காது.

அடுத்தது மொட்டைமாடி. அந்தக் கால வீடுகளில் ஸ்லாபுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதன்மேல் தட்டோடு என்று இருக்கும். ஒழுகினால் பலரும் செய்வது, பழையதை எடுக்காமலே மேலே இன்னொரு தளம் போடுவது. மூன்று அங்குல ஜல்லித் தளம் சதுர அடிக்குச் சுமார் 12 கிலோ கனம். ஏற்கெனவே களைத்த ஸ்லாபின் தலையில் ஆயிரம் சதுர அடிக்கு 12 டன் ஏற்றுகிறீர்கள். கெட்ட இடத்தைப் பெயர்த்தெடுத்து, தண்ணீர் வாட்டம் சரிசெய்து, அதே சுண்ணாம்பு முறையில் போடுங்கள். மேலே வெள்ளை டைல்ஸ் அல்லது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. சென்னையில் வெயில் அதிகம் இறங்குவது கூரை வழியாகத்தான். மாடி அறையில் ஏசிக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி இங்கேயே மிச்சம்.

இனி, எதை உடைக்கக் கூடாது என்பது. என் பார்வையில் பசுமைப் புதுப்பிப்பில் பாதி இதுதான், எந்த ஷோரூமும் இதைச் சொல்லாது. மொசைக் தரையை மெஷின் வைத்துத் தேய்த்து பாலிஷ் போட்டால் புதுசாகிவிடும். தேக்குச் சட்டங்களுக்குக் கீல், கொண்டி மாற்றி கொசுவலை அடித்தால் போதும். அந்த மரத்தை இன்று விலை விசாரித்துப் பாருங்கள். ஜாலியை ஏசிக்காகக் கண்ணாடி வைத்து அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். பிற்பகல் கடற்காற்று கீழே நுழைந்து, சூடான காற்று படிக்கட்டு வழியே மேலேறி வெளியேறத்தான் அதை வைத்தார்கள். ஜன்னல் மேலுள்ள அகலமான சன்ஷேடுக்கும் இதே மரியாதை.

ஏசி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தூங்கும் அறைகளுக்கு மட்டும் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி, மற்ற இடங்களில் குறைந்த கரண்டில் சுற்றும் பிஎல்டிசி ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 சொச்சம்தான்.

செலவழிக்கத் தயங்கக் கூடாத இடம் வயரிங். எர்த் இல்லாத பழைய வயரை முழுக்க மாற்றுங்கள். ஜிஐ எனும் பழைய இரும்புத் தண்ணீர் பைப்புகளையும்தான். பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்கு மேல் விழுங்கும். இப்போது சின்ன பட்டனுக்கு 3, பெரிய பட்டனுக்கு 6 லிட்டர் என்ற மாடல் கிடைக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் குழி இருக்கும். அதில் தண்ணீர் இறங்குகிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

சோலார் கடைசி. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு, சுமார் 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். கூரை வேலை முடிந்து ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டி, ஒழுகவில்லை என்று உறுதியான பிறகே பேனல் ஏற்றுங்கள். ஸ்டாண்டுக்கு ஸ்லாபில் துளை போட விடாதீர்கள். கான்கிரீட் கட்டைகளில் நிறுத்தலாம், ஆனால் அந்தக் கனத்தையும் என்ஜினியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.