செங்குத்தான மலைச்சரிவில் துகள்கள் தரைக்குள் கசிவது ஏன்?

இலங்கை மலையகத்தின் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் நிகழ்ந்த மண்சரிவை, சேற்றைப் பல துகள்களாகப் பிரித்துக் கணிக்கும் துகள் முறையில் கணினியில் உருவகிக்கும்போது, செங்குத்தான இடங்களில் மட்டும் சேற்றுத் துகள்கள் தரையைத் துளைத்து மறைகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரப்படியை, அதாவது கணிப்பின் ஒவ்வோர் அடிக்கும் உரிய கால இடைவெளியை, குறைத்துப் பயனில்லை. கோளாறு, தரையைச் சுவராகக் காட்டும் எல்லைத் துகள்களை அடுக்கிய விதத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். உயரத் தரவின் சதுரக் கட்டப் புள்ளிகளில் அவற்றை வைத்தால், இடைவெளி கிடையாக மட்டுமே சமமாக இருக்கும். 60 பாகைச் சரிவில் சரிவு வழியே அது இரு மடங்காகிவிடும். அடுத்தடுத்த துகள் படைகளையும் (அடுக்குகளையும்) நேர்கீழாக இறக்கியிருந்தால் சுவரின் தடிப்பும் பாதியாகிவிடும். ஓட்டைச் சல்லடைதான். அடர்த்தி குறைவாகக் கணிக்கப்படுவதால், தள்ளிவிடப் போதிய அழுத்தமும் பிறக்காது.

தரையை முக்கோணங்களாக்கி, பரப்பளவுக்கு ஏற்பத் துகள்களைத் தூவுங்கள். படைகளை மேற்பரப்புக்குச் செங்குத்தாக உள்நோக்கி, கருச்சார்பின் ஆரை (ஒரு துகள் அண்டைத் துகள்களைப் பாதிக்கும் தூரம்) முழுவதும் நிரம்பும்வரை இறக்குங்கள். மலையகத்தின் ஒடுங்கிய ஓடைகளில் ஒரு சிக்கல் உண்டு: இரு கரைப் படைகளும் அடியில் விலகி ஆப்பு வடிவ வெற்றிடம் விடும், அதைத் தனியாக நிரப்ப வேண்டும். கூரிய முகடுகளில் இதற்கு மாறாக, படைகள் மறுபக்கம் துருத்தும், அவற்றை வெட்டிவிடுங்கள்.

எல்லைத் துகள்கள் சேற்றைத் தள்ளும் விலக்குவிசையை மட்டும் கூட்டினால் கசிவு நிற்கலாம், ஆனால் சேறு வானத்தில் துள்ளும்.