சிபியு சும்மா இருக்கும்போது லோட் ஏன் 12?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் 4 கோர். அப்டைம் கட்டளை 1, 5, 15 நிமிட லோட் ஆவரேஜை 12.05, 11.90, 9.80 என்று காட்டுகிறது. டாப் கட்டளையில் பார்த்தால் சிபியு 85 சதவீதம் ஐடில் (சும்மா இருக்கிறது). கோர்களை 8 ஆக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பணத்தைச் செலவழிக்கும் முன் அந்த எண் எதை எண்ணுகிறது என்று பாருங்கள்.

லோட் ஆவரேஜ் சிபியு சதவீதம் அல்ல, ஆள் எண்ணிக்கை; இங்கே ஆள் என்பது த்ரெட் (புரோகிராமின் ஒரு வேலை இழை). சிபியுவில் ஓடுபவை, முறைக்காகக் காத்திருப்பவை ஆகியவற்றோடு, டிஸ்க் போன்ற ஒன்றின் பதிலுக்காக 'டி' நிலையில் உறைந்து நிற்பவற்றையும் லினக்ஸ் கணக்கில் சேர்க்கிறது. இந்தக் கடைசி வகை 1993-இல் சேர்க்கப்பட்டது. குழப்பத்துக்கெல்லாம் வேர் இதுதான். சும்மா தூங்கும் த்ரெட்டுகள் ஆயிரம் இருந்தாலும் கணக்கில் வராது.

கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏறக்குறைய 5 விநாடிக்கு ஒருமுறை இந்தத் தலைகளை எண்ணுகிறது. 1 நிமிட எண்ணுக்கு, பழைய மதிப்பை 0.92-ஆல் பெருக்கி, புதிய எண்ணிக்கையின் 0.08 பங்கைக் கூட்டுகிறது. கர்னலுக்குள் தசமம் கிடையாது. அதனால் 2048-ஐ ஒன்றாக வைத்துக்கொண்டு, 0.92-க்குப் பதில் 1884 என்ற முழு எண்ணால் பெருக்குகிறது. 5 நிமிடத்துக்கு 2014, 15 நிமிடத்துக்கு 2037. ஆகவே '1 நிமிட சராசரி' என்பது கடந்த 60 விநாடியின் சராசரி அல்ல. அதில் 63 சதவீதம்தான் கடைசி நிமிடத்தினுடையது, மீதி அதற்கும் முந்தைய பழைய கதை.

இதை வைத்தே உங்கள் எண்களைப் படிக்கலாம். முதல் இரண்டும் 12-ஐத் தொட்டுவிட்டன, 15 நிமிட எண் மட்டும் 9.80-இல் நிற்கிறது. அதற்கு முன் சர்வர் அமைதியாக இருந்திருந்தால், சுமார் 25 நிமிடத்துக்கு முன் ஏறக்குறைய 12 த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டன என்று பொருள். அந்த நேரத்து லாகை (பதிவுக் கோப்பை) திறந்து பாருங்கள்.

அடுத்து விஎம்ஸ்டாட் கட்டளையை 1 விநாடி இடைவெளியில் ஓட்டுங்கள். முதல் வரியில் பல எண்கள் பூட் ஆனது முதலான சராசரி, அதை விட்டுவிடுங்கள். 'ஆர்' பத்தி (ஓடுபவையும் முறைக்காகக் காத்திருப்பவையும்) 4-க்கு மேலேயே நின்றால் சிபியு பற்றாக்குறை. 'பி' பத்தி ('டி' நிலையில் நிற்பவை) பெரிதாக இருந்தால் சேமிப்பகத்தில் கோளாறு. உங்களுக்கு இரண்டாவதுதான் இருக்கும். பிறகு பிஎஸ் கட்டளையில் த்ரெட்டுகளையும் சேர்த்து, ஸ்டேட், பிஐடி, டபிள்யூசான் (கர்னலுக்குள் எங்கே காத்திருக்கிறது என்ற பெயர்), கமாண்ட் என்ற நான்கு புலங்களைக் கேட்டு, 'டி' வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். டபிள்யூசானில் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக வந்தால், எதிர்முனைக் கோப்பு சர்வர் பதில் சொல்லவில்லை. ஹார்டு மவுண்ட் (பதில் வரும்வரை விடாமல் முயலும் இணைப்பு) என்றால் அந்தச் சர்வர் பேசும்வரை இவை காத்தே நிற்கும். உள்ளூர் டிஸ்க் என்றால் டிமெசெக்கில் (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) ஐ/ஓ (படிக்க, எழுத) பிழைகளையும், '120 விநாடிக்கு மேல் முடக்கம்' என்ற எச்சரிக்கையையும் தேடுங்கள். கில் -9 (கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) பெரும்பாலும் பயன்படாது; 'டி' நிலையில் இருப்பவை சிக்னலைக் கவனிப்பதில்லை. காத்திருக்கும் பொருளைச் சரிசெய்தால்தான் விடுபடும்.

சரியானதும் 1 நிமிட எண் ஒரே நிமிடத்தில் 4.4 அளவுக்கு இறங்கும். 15 நிமிட எண்ணோ கால் மணி நேரம் கழித்தும் 3.6 அளவில் இருக்கும். உங்கள் அலாரம் அந்த எண்ணில் கட்டப்பட்டிருந்தால் சிறிது நேரம் அடித்துக்கொண்டுதான் இருக்கும், அதற்காகச் சர்வரை ரீபூட் செய்துவிடாதீர்கள்.