காது கோரிக்கையை விட்டுவிடாதீர்கள்

அண்ணே, படைப் பணியில் வந்த ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டதில், முழங்காலுக்கு 20 சதவீத ஊனம் என்று தந்துவிட்டு, காது கேளாமையை மட்டும் 'பணியால் வந்ததல்ல' என்று தள்ளிவிட்டார்கள் என்றீர்கள். கிடைத்ததை வாங்கிக்கொண்டே, தள்ளியதற்கு ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். படையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவச் சோதனையில் காதுக் குறை பதிவாகவில்லை என்றால், பணியில் வந்ததல்ல என்று காட்ட வேண்டியது அரசுதான். 2013 தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

அந்தச் சோதனைத் தாள்தான் உயிர். தொண்டியில் எங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த அவருடைய தாளில் உப்புக்காற்று பட்டுக் குண்டூசி துருப்பிடித்து, தேதி இருந்த இடமே ஓட்டையாகிவிட்டது. படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசிலிருந்து நகல் வரவே நாலு மாதம் ஆனது. அதனால் இன்றே எழுதிக் கேளுங்கள். மனு எழுத ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். இரண்டாம் மேல்முறையீட்டிலும் மறுத்தால், அப்புறம் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.