டானின் ஒத்துக்கொள்ளாதவர்கள் ரசித்துக் குடிக்கும்படியான ஒயின்கள் உண்டா?

இரண்டு மடக்கு ரெட் ஒயின் உள்ளே போனதுமே வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை போல, பேசாமல் ஒயினையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான். யாராவது ரெட் ஒயின் பாட்டிலோடு பக்கத்தில் வந்தாலே கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பல வருடம் ஓட்டியவன். இன்றைக்கு வீட்டில் திறக்கும் பாட்டில்களில் பாதி ரெட்தான். நாக்கு அதே நாக்கு. பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

முதலில் நான் ஏமாந்த கதை. அடர் நிற ஒயின் துவர்க்கும், வெளிறிய ஒயின் துவர்க்காது என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒரு விருந்தில் எனக்கும் கொஞ்சம் ஊற்றினார்கள். கிளாஸைச் சாய்த்தால் அந்தப் பக்கம் இருக்கும் என் விரல் தெரிகிறது, விளிம்பில் செங்கல் நிறம், முகர்ந்தால் ரோஜா மணம். நமக்கென்றே செய்தது என்று தாராளமாக ஒரு மடக்கு விழுங்கினேன். அவ்வளவுதான். கன்னத்தின் உட்புறம் பல்லோடு போய் ஒட்டிக்கொண்டது. மேல் ஈறில் நாக்கை ஓட்டினால் உப்புத்தாளைத் தேய்ப்பது போல் இருந்தது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்: பரோலோ.

இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் நெபியோலோ என்ற திராட்சையில் செய்வது அது. நிறத்தில் சாது, டானினில் முரடு. 18 மாதம் மரப்பீப்பாயிலும், மொத்தத்தில் 38 மாதமும் வைத்திருந்த பிறகுதான் விற்கவே வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. நிறத்தைத் தருவது ஆந்தோசயனின், துவர்ப்பைத் தருவது டானின். இரண்டும் திராட்சைத் தோலில் குடியிருந்தாலும் ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்க முடியாது. எனவே, கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்தத் திராட்சை, எப்படிச் செய்தார்கள் என்று விசாரிப்பதுதான் நமக்கான வழி.

அதற்கு முன், உங்களைத் தொந்தரவு செய்வது டானின்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நம் மொழியில் கசப்பும் துவர்ப்பும் அறுசுவையில் தனித்தனிச் சுவைகள், அதனால் நமக்கு இது கொஞ்சம் சுலபம். கசப்பை நாக்கு சொல்லும். துவர்ப்பு சுவை என்பதைவிட ஓர் உரசல், வாய் முழுக்கத் தெரியும். எச்சில் வழுவழுப்பாக இருப்பதற்கு அதில் உள்ள சில புரதங்கள் காரணம். டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. வழுவழுப்பு போனதும் வாய்க்குள் எல்லாம் ஒன்றோடொன்று உரசுகிறது. புரதத்தைக் கட்டும் இதே குணத்தை நம்பித்தான் கடுக்காயையும் ஓக் மரப்பட்டையையும் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள்.

சோதனை இதுதான். ஒரு மடக்கு குடித்து விழுங்கிவிட்டுப் பத்து எண்ணுங்கள். தாடை ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. வாய் காய்ந்து, நாக்கு பல்லின் பின்புறம் வழுக்காமல் தடுக்கினால் அது டானின். புளிப்பைத் தாங்க முடியாமல் டானின் மேல் பழி போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலே வேறு.

இன்னொரு சோதனை: தேயிலையைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பால் விடாமல் ஒரு வாய் குடியுங்கள். வாயில் வரும் அந்த வறட்சிக்கும் இதே குடும்பத்துப் பொருள்கள்தான் காரணம். பால் விட்டால் துவர்ப்பு அடங்குகிறதல்லவா? எச்சிலுக்குப் பதில் பாலில் உள்ள புரதம் போய் மாட்டிக்கொள்கிறது.

கடுந்தேநீர் எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் ஆகாமல், ரெட் ஒயினில் மட்டும் தலைவலி வருகிறது என்றால் டானினைச் சந்தேகிக்க எனக்கு மனம் வராது. பலரும் கைகாட்டுவது ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டை. ஆனால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இனிப்பில்லாத ரெட் ஒயினில் அது லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம், ஒயிட் ஒயினில் 200 வரை. அதாவது ஒயிட்டுக்குத்தான் அனுமதி அதிகம். 2023-இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் குவெர்செட்டின் என்ற வேறொரு பொருளைச் சந்தேக வளையத்துக்குள் கொண்டுவந்தார்கள். வெயில் நிறையப் பட்ட திராட்சையில் அது அதிகம். உடலில் அது மாறும் வடிவம், ஆல்கஹாலைச் செரிக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது என்பது ஆய்வகத்தில் அவர்கள் கண்டது. மனிதர்களிடம் நிரூபணமான முடிவு அல்ல, கருதுகோள்தான். அப்புறம், ஒயின் குடித்தால் தடிப்போ மூச்சுத்திணறலோ வருகிறதென்றால் என் பதிலை இங்கேயே மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சரி, டானின்தான் என்று உறுதியாகிவிட்டது. அது ஒயினுக்குள் நான்கு வழிகளில் வருகிறது: தோல், விதை, காம்பு, மரப்பீப்பாய். ரெட் ஒயினில் சாறு தோலோடும் விதையோடும் கிடந்து நொதிக்கிறது. எத்தனை நாள் கிடந்தது, எவ்வளவு கிளறினார்கள் என்பதைப் பொறுத்துத் துவர்ப்பு ஏறும். ஒயிட்டில் முதலிலேயே பிழிந்து தோலை எடுத்துவிடுகிறார்கள். ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினில் தோலுக்கும் சாறுக்கும் உறவு பெரும்பாலும் சில மணி நேரம்தான். விதை இருக்கும் திராட்சை கிடைத்தால் ஒரு விதையைக் கடித்துப் பாருங்கள். அடுத்த நிமிடம் வாயில் நடப்பது எந்தப் புத்தகத்தை விடவும் நன்றாகப் புரியவைக்கும்.

இப்போது திராட்சைக்கு வருவோம். என்னை ரெட் ஒயின் பக்கம் இழுத்துவந்தது கமே. பிரான்ஸின் போஜோலே பகுதியில் ரெட் ஒயின் என்றாலே அதுதான். 1395-இல் பர்கண்டியின் பிரபு ஃபிலிப், இந்தக் கொடியைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். அதற்கு விசுவாசமே கிடையாது என்று வேறு திட்டியிருக்கிறார். அது தெற்கே போய்ப் போஜோலேயின் கருங்கல் மண்ணில் காலூன்றிக்கொண்டது. நம்மைப் போன்றவர்களுக்கு யோகம்.

கமேயில் இயல்பிலேயே டானின் குறைவு. அங்கே செய்யும் முறையும் நமக்குச் சாதகம். பழத்தை நசுக்காமல் குலைகுலையாகத் தொட்டியில் அடுக்கிக் கார்பன் டை ஆக்சைடால் நிரப்பிவிடுகிறார்கள். காற்றில்லாமல் திணறும் பழத்துக்குள்ளேயே, தோல் கிழியும் முன்பே, நொதித்தல் தொடங்குகிறது. நிறமும் வாசனையும் சீக்கிரம் இறங்கிவிடும், டானின் அவ்வளவாக இறங்காது. இதற்குக் கார்பானிக் மெசரேஷன் என்று பெயர். போஜோலேயில் பெரும்பாலும் இதன் பாதி வடிவத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். அடியில் இருக்கும் பழங்கள் மேலே உள்ள பாரத்தில் நசுங்கி வழக்கம் போல் நொதிக்கும். பாட்டிலிலோ கடையின் குறிப்பிலோ இந்தச் சொல்லைப் பார்த்தால் எந்த நாட்டு ஒயினாக இருந்தாலும் நான் துணிந்து எடுப்பேன்.

போஜோலேயில் தனிப் பெயரோடு விற்கும் பத்து ஊர்கள் உண்டு. ஃபுளூரியும் ஷிரூபிளும் மென்மை. மூலான்-ஆ-வான் கொஞ்சம் இறுக்கம், மோர்கோனும் அப்படித்தான். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நவம்பர் மூன்றாவது வியாழன் வெளிவரும் நூவோ என்ற புத்தம்புது ஒயின் துவர்க்கவே துவர்க்காது. அதில் எனக்குப் பெரிய ஈர்ப்பும் இல்லை, பழச்சாறு ஞாபகம் வந்துவிடுகிறது.

அடுத்து ஸ்கியாவா. வட இத்தாலியின் ஆல்டோ அடிஜேயில் விளைகிறது, ஜெர்மனியில் இதையே ட்ரோலிங்கர் என்கிறார்கள். வெளிறிய சிவப்பு, ஸ்ட்ராபெர்ரி மணம், துவர்ப்பு பேருக்குத்தான். சிசிலியின் ஃப்ரப்பாட்டோவும் ஏறக்குறைய இதே ரகம். ஆஸ்திரியாவில் 1922-இல் இரண்டு திராட்சைகளைக் கலந்து உருவாக்கிய ஸ்வைகெல்ட் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தாலும் வாயை வறட்டாது. பார்பெராவைப் பார்த்தால் கறுப்பாகப் பயமுறுத்தும், டானின் என்னவோ குறைவுதான். என் நிறக் கணக்கை நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து உடைத்தது இதுதான். ஆனால் புளிப்பு பலமாக இருக்கும், மேலே சொன்ன பத்து எண்ணும் சோதனையில் எச்சில் ஊறியவர்கள் தள்ளியே இருங்கள்.

பினோ நுவாரைத்தான் எல்லோரும் முதலில் சிபாரிசு செய்வார்கள். நான் அரை மனதோடுதான் சொல்வேன். தோல் மெல்லியது, டானின் பொதுவாகக் குறைவு, எல்லாம் சரி. ஆனால் சிலர் காம்போடு சேர்த்து நொதிக்கவிடுவார்கள், சிலர் புதுப் பீப்பாயில் வைப்பார்கள். இரண்டிலும் துவர்ப்பு ஏறும். பெயரை மட்டும் பார்த்து வாங்கி நான் ஏமாந்ததும் உண்டு.

பெயரில் ஏமாறுவதென்றால் டோல்செட்டோவையும் சொல்ல வேண்டும். ‘இனிப்புக்குட்டி’ என்கிற மாதிரி பொருள் தரும் பெயர். குடித்தால் நன்றாகவே துவர்க்கும். கேபர்நே சாவின்யோன், சாக்ரன்டீனோ, டனா, அலியானிக்கோ, பெத்தீத் சிரா எல்லாம் பக்கா டானின் கோஷ்டி. இப்போதைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒயிட்டில் பயமில்லை என்றாலும் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆரஞ்சு ஒயின் என்று ஒன்று வருகிறது, ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளைத் திராட்சையை ரெட் ஒயின் போலத் தோலோடு ஊறவைத்துச் செய்வது. பார்க்கத் தேன் நிறம், குடித்தால் ஆறிப்போன கடுந்தேநீர். புதுப் பீப்பாயில் கிடந்த ஷார்டனேயிலும் லேசாக மரத்தின் துவர்ப்பு தட்டலாம். ரீஸ்லிங், அல்பரினோ போன்றவை பெரும்பாலும் ஸ்டீல் தொட்டியிலோ பழைய மரத்திலோ இருந்து வருவதால் அந்தத் தொல்லை இல்லை.

பரிமாறும் விதமும் வித்தியாசம் செய்யும். குளிர்ச்சி டானினைத் தூக்கிக் காட்டும். ஆகவே துவர்ப்பான ஒயினை ஃபிரிட்ஜில் வைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இன்னும் மோசமாகும். கமே, ஸ்கியாவா போன்ற டானின் குறைந்தவற்றுக்கு நேர்மாறு: 12 முதல் 14 டிகிரியில் அவை துள்ளும். கூடவே சீஸ், இறைச்சி மாதிரி கொழுப்பும் புரதமும் உள்ள எதையாவது சாப்பிட்டால் டானின் அதைப் பிடிக்கப் போய்விடும், நம் எச்சில் பிழைக்கும். ஒயின் செய்பவர்களும் இதே தந்திரத்தைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பிரான்ஸின் போர்தோ பகுதியில் பீப்பாய்க்குள் முட்டை வெள்ளைக்கருவைக் கலக்குவது பழைய வழக்கம். அது முரட்டு டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் துவர்ப்பு போய்விடும் என்பார்கள். என் அனுபவத்தில் வாசனை மலர்கிறது, வறட்சி அப்படியேதான் இருக்கிறது.

வருடக்கணக்கில் காத்திருந்தால் மட்டும் நிஜமாகவே மென்மையாகும். டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாக இறங்கிவிடும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

கடையில் கேட்கும்போது ‘லைட்டான ரெட் வேண்டும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நிறத்தில் லைட்டா, ஆல்கஹாலில் லைட்டா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ‘டானின் குறைவாக, புதுப் பீப்பாயில் வைக்காதது’ என்று கேளுங்கள். பின்பக்கக் குறிப்பில் உறுதியான கட்டமைப்பு, பல வருடம் வைத்திருந்து குடிக்கலாம் என்றெல்லாம் எழுதியிருந்தால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். அது டானினுக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர்.

முதல் பாட்டில் எது என்றால், ஒரு ஃபுளூரி. திறப்பதற்கு அரை மணி முன்னால் ஃபிரிட்ஜில் வையுங்கள், கிளாஸில் கால்வாசிக்கு மேல் ஊற்றாதீர்கள், விழுங்கிவிட்டுப் பத்து எண்ணுங்கள். அதிலும் வாய் காய்ந்தால் அடுத்தது ஸ்கியாவா. அதுவும் ஒத்துவரவில்லையென்றால் ரோஸேக்கு வந்துவிடுங்கள், நான் அங்கேதான் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் குறைந்துபோகவில்லை.