பழைய கோவிலுக்குள் மைக்கும் ஸ்பீக்கரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தேவாலயம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. முருகைக்கல் சுவர், உயர்ந்த கூரை. கனடாவில் இருக்கும் ஊரவர்கள் அனுப்பிய காசில் பீடத்துக்கு இரண்டு பக்கமும் பெரிய பெட்டி ஸ்பீக்கர் வைத்தோம். சத்தம் காதைப் பிளக்கிறது, ஆனால் பின் வாங்கில் இருப்பவர்களுக்குப் பிரசங்கம் விளங்குவதில்லை. பூட்டித் தந்தவர் இன்னும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் போடச் சொல்கிறார். போடலாமா?
– பங்குச் சபை உறுப்பினர் ஒருவர், பருத்தித்துறை

பதில்: போடாதீர்கள். உங்கள் கோவிலில் சத்தத்துக்குக் குறைவில்லை, தெளிவுதான் இல்லை. ஆளில்லாத நேரத்தில் நடுவில் நின்று பலமாக ஒரு முறை கைதட்டி, அந்த ஒலி முழுதாக அடங்க எத்தனை செக்கன் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பேச்சு விளங்க வேண்டுமென்றால் அது ஒரு செக்கன் அளவில் இருப்பது நல்லது. சுண்ணாம்புப் பூச்சும் கல் நிலமும் உயர்ந்த கூரையும் சேர்ந்த இடத்தில் மூன்று, நான்கு செக்கன்கூடப் போகலாம், அதாவது பிரசங்கம் செய்யும் சுவாமி அடுத்த வசனத்துக்குப் போன பிறகும் முந்திய வசனம் கூரைக்குள் சுற்றிக்கொண்டு நிற்கும். ஸ்பீக்கரைப் பெருப்பித்தால் அந்தச் சுற்றலும் அதே அளவுக்குப் பெருக்கும்.

1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரை மண்டபத்திலும் இதே கரைச்சல்தான், ஒலி அடங்க ஐந்தரை செக்கன். வாலஸ் சபைன் என்ற பௌதிகவியல் ஆசிரியர் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பிப் பரப்பி அளந்து, மண்டபத்தின் கனவளவும் உள்ளே ஒலியை உறிஞ்சும் பொருட்களும்தான் இதைத் தீர்மானிக்கின்றன என்று கண்டுபிடித்தார். மனித உடம்பும் ஒலியை உறிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருக்கும்போது ஓரளவு விளங்கி, கிழமை நாட் பூசையில் ஒன்றும் விளங்காமல் போவது இதனால்தான்.

செய்ய வேண்டியது என்னவென்றால், ஒலியைக் கூரைக்கு அனுப்பாமல் ஆட்களின் காதுக்குக் கிட்டக் கொண்டுபோவது. நெடுக ஒடுங்கலாக இருக்கும் கொலம் ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில் ஒலியைப் பரப்பும், மேலே கீழே அதிகம் விடாது. அவற்றைத் தூண்களோடு, தலைக்குச் சற்று மேலே, வாங்குகளைப் பார்த்தபடி வைத்து, ஒவ்வொன்றிலும் சத்தத்தைக் குறைத்து விடுங்கள். ஒரு விடயத்தை மறக்க வேண்டாம்: ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும், வயரில் வருவதோ உடனே வந்துவிடும், ஆகவே 20 மீற்றர் பின்னால் உள்ள ஸ்பீக்கருக்குத் தாமதம் வைக்காவிட்டால் முன்னாலிருந்து வரும் குரல் ஏறக்குறைய 60 மில்லிசெக்கன் பிந்தி வந்து இரட்டைக் குரலாகக் கேட்கும். அந்த 60ஐ மிக்சரில் (மைக்குகளின் ஒலியைச் சேர்த்துக் கட்டுப்படுத்தும் பெட்டி) டிலே, அதாவது தாமதமாகக் கொடுத்து, அதற்கு மேல் இன்னும் பத்துப் பதினைந்து கூட்டினால், பக்கத்துத் தூணிலிருந்து ஒலி வந்தாலும் குரல் பீடத்திலிருந்து வருவதாகவே காதுக்குப்படும். மைக்கை வாய்க்குக் கிட்ட வையுங்கள். பிரசங்க நேரத்தில் பாடகர் குழுவின் மைக்குகளை நிறுத்தி விடுங்கள், திறந்து கிடக்கும் ஒவ்வொரு மைக்கும் கீச்சிடலைக் கூட்டும்.

இனிச் சுவர். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயத்தை யுத்தம் அழித்துவிட்டது, சங்கானையில் பழைய தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. எஞ்சியிருப்பதை ஒரு ஸ்பீக்கருக்காக உடைக்க வேண்டாம். முருகைக்கல்லில் சாதாரண இரும்பு ஆணியை இறக்கினால் உப்புக் காற்றில் அது துருப்பிடித்து ஊதி, கல்லையே வெடிக்க வைக்கும். தூணைச் சுற்றி உள்ளே கம்பளித் துணி வைத்த பட்டி போட்டு அதில் மாட்டலாம், அல்லது நிலத்தில் நிற்கும் ஸ்டாண்ட் வைக்கலாம். துளைத்தே ஆக வேண்டுமென்றால் கல்லை விட்டு, கற்களுக்கிடையில் உள்ள சாந்தில் துளையுங்கள், உப்புக் காற்றைத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி போடுங்கள். வயருக்காகச் சுவரை வெட்டிச் சீமெந்தால் மூடவே வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுத்தான் பிழைக்கிறது, சீமெந்து அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். வயர் விளிம்புகளின் மேலாலும் வளைகளின் ஓரத்தாலும் போகட்டும், சுவர் நிறத்தையே அதற்கும் பூசி விட்டால் கண்ணுக்குப் படாது. கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் சிவன் கோவிலில் தேவாரம் பாடுபவரின் குரல் மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்க வேண்டும். திருவிழாவை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு நேரலையாகவும் காட்ட விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
– பரிபாலன சபைச் செயலாளர், வண்ணார்பண்ணை

பதில்: அடுத்த கும்பாபிஷேகம் எப்போது என்று முதலில் பாருங்கள். திருப்பணி நடக்கும்போது எப்படியும் நிலமும் கூரையும் திறபடும், அந்த நேரத்தில் வெறும் குழாய்களைப் பதித்து வைத்துவிட்டால் பிறகு எந்தக் காலத்தில் எந்த வயர் வந்தாலும் கல்லைத் தொடாமல் இழுக்கலாம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற வாய்ப்பு, விட்டுவிட வேண்டாம். தேவாரத்துக்கு ஒரு நல்ல மைக், மண்டபத் தூண்களில் சிறிய ஸ்பீக்கர்கள் போதும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் உள்ளே மைக் வைக்காதீர்கள், அவை வெளிவீதி வரை தாமாகவே கேட்கும்.

நேரலையில் பலர் கமராவின் சொந்த மைக்கை நம்பி விடுகிறார்கள், கேட்பவர்களுக்கு மணியும் இரைச்சலும்தான் கிடைக்கும். மிக்சரிலிருந்து நேரே ஒரு வயர் கொடுங்கள். கமராவை மூலஸ்தானத்தை நோக்கி வைக்கலாமா என்பதைக் குருக்களையாவிடம் கேட்டு அவர் சொல்லும் இடத்திலேயே வையுங்கள். கற்பூரப் புகை லென்சில் படியும், கிழமைக்கு ஒருமுறை துடைக்க ஒருவரை நியமியுங்கள்.

கேள்வி: பாட்டு வரிகளைக் காட்டப் புரொஜெக்டரா, டிவியா? எங்கள் தேவாலயத்தில் பீடத்துக்குப் பின்னால் பழைய மர வேலைப்பாடு இருக்கிறது.
– ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: டிவி. காலை ஆராதனையில் யன்னல் வெளிச்சம் நேரே விழுந்தால் சாதாரண புரொஜெக்டரின் எழுத்து வெளிறிப் போகும். பீடத்தை மறைக்காமல் பக்கத்தில், நகர்த்தக்கூடிய ஸ்டாண்டில் இரண்டு வையுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, ஒரு தடவைக்கு நான்கு வரி, பின் வாங்கில் இருக்கும் வயதானவர் ஒருவரை வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுத்தின் அளவை முடிவு செய்யுங்கள்.