பவளத் தொட்டிக்குச் சொந்தமாகச் செய்த விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டடி பவளத் தொட்டிக்கு நானே விளக்கு செய்து மாட்டினேன். மூன்று வாட் எல்இடி 18. அதில் 12 நீலம், 6 வெள்ளை. ஓராண்டு ஆகிறது. பச்சையாக இருந்த பவளங்கள் பழுப்பாகி, மேல்நோக்கி நீண்டு நிற்கின்றன. எல்இடிகளை மாற்ற வேண்டுமா? (ஈசூன் வாசகர்)

பதில்: வேண்டாம். நாளுக்கு 9 மணி நேரம் எரிந்தாலும் ஓராண்டில் 3,300 மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதிகம் சூடாகாத எல்இடி அதற்குள் மங்காது. விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள அக்ரிலிக் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீரில் குமிழி உடையும்போதெல்லாம் உப்புத் துளி தெறித்து, காய்ந்து, வெள்ளைப் படலமாகப் படிகிறது. ஒளி குறைந்தால் பவளம் தன் திசுவுக்குள் வாழும் பாசியைப் பெருக்கிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் பழுப்பு அந்தப் பாசியின் நிறம்.

தகட்டை ஆர்ஓ தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த உப்பைத் தேய்த்தால் கீறல் விழும். கண்ணாடி துடைக்கும் திரவமும் ஆல்கஹாலும் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பை உண்டாக்கும், தொடவே வேண்டாம். இதை வாரம் ஒருமுறை செய்யுங்கள்.

துடைத்த அன்றே முழு ஒளியைப் போட்டுவிடாதீர்கள். பல மாதம் மங்கலில் இருந்த பவளம் வெளுத்துப்போகும். 60 சதவீதத்துக்கு இறக்கி, வாரத்துக்கு 10 சதவீதம் வீதம் ஏற்றுங்கள். ஒளி அளக்கும் செயலி உங்கள் கைப்பேசியில் இருந்தால் துடைக்கும் முன்னும் பின்னும் ஒரே இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். நீல ஒளிக்கு அது காட்டும் எண் சரியாக இராது, ஆனால் எவ்வளவு கூடியது என்று ஒப்பிட அது போதும். பழைய அளவையே எட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிங்கப்பூரில் நம் தெற்குத் தீவுகளைச் சுற்றிக் கடல் கலங்கியே கிடக்கிறது, போதிய ஒளி சில மீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. அங்கும் பவளம் வளர்கிறது.

கேள்வி: ஆறு நீல எல்இடி கொண்ட ஒரு வரிசை முழுவதும் திடீரென அணைந்துவிட்டது. 24 வோல்ட் அடாப்டர், வரிசைக்கு ஒரு 700 மில்லிஆம்பியர் டிரைவர் (மின்னோட்டத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி). டிரைவர் போய்விட்டதா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: இருக்கலாம், ஆனால் உடனே புதிது வாங்கிவிடாதீர்கள். மின்சாரத்தை அணைத்து இரண்டு நிமிடம் பொறுத்து, இந்த வரிசையை நன்றாக எரியும் வரிசையின் டிரைவரோடு இணைத்துப் பாருங்கள். எரிந்தால் பழுது டிரைவரில். எரியாவிட்டால் தொடரில் எங்கோ அறுந்திருக்கிறது. டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்இடி வயரைக் கழற்றி மாட்டவே கூடாது. சுமை இல்லாத டிரைவரின் வெளிமுனையில் அடாப்டரின் முழு 24 வோல்ட்டும் ஏறி நிற்கும். ஆறு எல்இடிக்கு வேண்டியது ஏறக்குறைய 20 வோல்ட்தான். மாட்டிய கணத்தில் பாயும் மின்னோட்டம் நல்ல எல்இடியையும் சாகடித்துவிடும்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க சிஆர்2032 பட்டன் பேட்டரி போதும். மின்சாரம் இல்லாத நிலையில் ஒவ்வொரு எல்இடியின் பிளஸ், மைனஸ் முனைகளிலும் அதைத் தொடுங்கள். நல்ல எல்இடி மங்கலாக எரியும். மல்டிமீட்டரின் டயோட் நிலையிலும் பார்க்கலாம். ஆனால் சில மலிவான மீட்டர்கள் நீல எல்இடியை எரியவைக்கும் அளவுக்கு வோல்ட் தருவதில்லை. ஆறும் எரிந்தால் பழுது வயர்களின் ஈயப் பற்றவைப்பில். பச்சை பூத்த இணைப்பைத் தேடுங்கள். வயரின் உறைக்குள்ளும் தாமிரம் கறுத்திருக்கும், பளபளப்பான பகுதி வரும்வரை வெட்டிவிட்டுப் பற்றவையுங்கள்.

எல்இடியையே மாற்றுவதானால் அதை ஹீட்சிங்கிலிருந்து (சூட்டை வெளியேற்றும் அலுமினியப் பட்டையிலிருந்து) கழற்றிய பிறகே வயரைப் பற்றவைக்க வேண்டும். ஒட்டியிருக்கும்போது அலுமினியம் சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும், ஈயம் சரியாக உருகாமல் இணைப்பு பிறகு விட்டுப்போகும். பழைய தெர்மல் பேஸ்ட்டை (சூடு கடத்தும் பசையை) துடைத்து, அரிசி மணியளவு புதிது வைத்து, எம்3 திருகுகளை நைலான் வாஷரோடு இறுக்குங்கள். வாஷர் இல்லாவிட்டால் திருகின் தலை முனையைத் தொட்டு ஷார்ட் ஆகும். மின்சாரம் கொடுக்கும் முன் இரு முனைகளுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். பீப் ஒலி வரவே கூடாது. கடைசியாக, லென்ஸில் படாமல், இணைப்புகளின் மேல் சர்க்யூட் பலகைக்கான பாதுகாப்பு வார்னிஷைப் பூசுங்கள். இந்தச் சில்லறைச் சாமான்களைச் சிம் லிம் டவர் கடைகளில் தேடலாம்.

கேள்வி: ஹீட்சிங்க் கையை வைக்க முடியாத அளவு சுடுகிறது. (பிடோக் வாசகர்)

பதில்: ஐந்து விநாடி கை வைக்க முடியாவிட்டால் 50 டிகிரிக்கு மேல் என்று கொள்ளுங்கள். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அறையே 30 டிகிரியை ஒட்டி இருப்பதால் விசிறி இல்லாமல் சமாளிப்பது கடினம். 80 மில்லிமீட்டர், 12 வோல்ட் விசிறியை மேலேயிருந்து ஹீட்சிங்கின் மீது ஊதும்படி வையுங்கள். திருப்பி வைத்தால் தொட்டியின் உப்பு ஈரக்காற்றை உறிஞ்சி எல்இடி மேலேயே பாய்ச்சும். மின்னோட்டத்தை 500 மில்லிஆம்பியருக்குக் குறைப்பதும் நல்லது: ஒளி சற்றுத்தான் குறையும், சூடு நன்றாகவே குறையும்.

விசிறி ஒருநாள் நிற்கும். அதற்காக 60 டிகிரியில் துண்டிக்கும் வெப்ப சுவிட்ச் ஒன்றை ஹீட்சிங்கில் திருகி, அடாப்டருக்கும் டிரைவருக்கும் நடுவே இணையுங்கள். டிரைவருக்கும் எல்இடிக்கும் நடுவே வேண்டாம், சுவிட்ச் மறுபடி இணையும்போது மேலே சொன்ன அதே மின்னோட்டப் பாய்ச்சல் வரும்.

கேள்வி: தண்ணீரில் கை வைத்தால் லேசாக ஷாக் அடிக்கிறது. ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழவில்லை. (தோ பாயோ வாசகர்)

பதில்: கையை மறுபடி தண்ணீரில் விடாதீர்கள். விளக்கு, பம்ப், ஹீட்டர், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) எல்லாவற்றையும் சுவரில் அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியரை நெருங்கிக் கசிந்தால்தான் விழும், அதற்குக் குறைவான கசிவையும் உடல் உணரும். உங்கள் விளக்கில் மூடியில்லாத உலோகப் பெட்டி வகை பவர் சப்ளை இருந்தால் அதை எடுத்துவிட்டு, பாதுகாப்புக் குறியுள்ள மூடிய 24 வோல்ட் அடாப்டருக்கு மாறுங்கள். அதைத் தொட்டிக்குக் கீழே வைக்காமல், பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். வயர் பிளக்கை அடையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பம்ப்பையும் ஹீட்டரையும் வெளியே எடுத்து, வயர் உறையில் வெடிப்போ கண்ணாடிக் குழாயில் கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, சுவர்ச் செருகியின் எர்த் இணைப்பையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை தொட்டியில் கை வைக்க வேண்டாம்.