குமரி மாவட்டத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விடுவதை எப்படித் தடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. எழுத்தறிவில் முதலிடம் என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில் இடைநிற்றல் உண்மையிலேயே ஒரு பிரச்சினையா? ஆம் என்றால், அதைத் தடுக்க என்ன செய்யலாம்?

பிரச்சினைதான். 2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். ஆனால் ஒன்பதாம் வகுப்போடு நின்று கடலுக்குப் போன பையனும் அந்தக் கணக்கில் எழுத்தறிவு பெற்றவன்தான். நான் குளச்சலுக்கு மேற்கே, கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் நெடுங்காலமாகக் கணக்கு டீச்சர். அதனால் கடற்கரையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல முடியும்.

சின்னப் பிள்ளைகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பின்னாளில் 1969ல் நாகர்கோவில் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய காமராஜர் தம் ஆட்சியில் கொண்டுவந்த மதிய உணவு, 1982ல் சத்துணவாக விரிந்தது. 2022ல் காலை உணவும் வந்தது. தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். கைவிட்டுப் போவது ஒன்பதிலும் பத்திலும்தான்.

எங்கள் பக்கம் பையன்கள் பள்ளியை விட்டுப் போகிற மாதம் ஆகஸ்ட். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. (கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும், அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.) அந்த இரண்டு மாதமும் படகு கரையில் நிற்கும். வருமானம் இருக்காது, கடன் ஏறும். ஜூலை கடைசியில் வலையைச் சரிபார்த்து, டீசலும் ஐஸும் ஏற்றி, ஆள் சேர்க்கத் தொடங்குவார்கள். ஓர் ஆள் குறைந்தால் கண் போவது வீட்டில் நிற்கிற பையன் மேல்தான். "சும்மாதான நிக்கான், ஒரு தங்கல் போயிட்டு வரட்டு" என்பார்கள். தங்கல் என்றால் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கொச்சியில் இருந்தோ மங்களூரில் இருந்தோ புறப்பட்டால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அவன் திரும்பி வரும்போது காலாண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும், கையில் பங்குப் பணம் இருக்கும், அம்மா அந்தப் பணத்தில் ஒரு கடனை அடைத்திருப்பாள். அதற்குப் பிறகு அவனை வகுப்பில் உட்கார வைப்பது மிகக் கடினம்.

ஆகவே என் பதில் இதுதான்: ஆகஸ்டில் போய்த் தேடாதீர்கள், ஜூனிலும் ஜூலையிலும் போங்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதம் வந்துவிடுகிறது. தோற்றவர்கள் எழுதும் துணைத் தேர்வு ஜூன் கடைசியில் அல்லது ஜூலைத் தொடக்கத்தில் நடக்கிறது. அதே சமயம் தடைக்காலம், அப்பாவும் வீட்டில் இருக்கிறார். வருஷத்தில் மற்ற மாதங்களில் அவரைப் பிடிக்கவே முடியாது, அம்மாவிடம்தான் பேச முடியும், அம்மாவோ "அவிய வரட்டு டீச்சரே" என்று சொல்லிவிடுவாள். மூன்றும் ஒன்றாக அமைகிற இந்த இரண்டு மாதத்தை விட்டால் அந்த வருஷம் போய்விட்டது.

எப்படிப் போவது என்பதும் முக்கியம். ரிசல்ட் வந்த அன்றே, அல்லது மறுநாளே போக வேண்டும். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தருவது கொஞ்ச நாள்தான், தோற்ற பிள்ளை அந்த நாட்களில் வீட்டை விட்டே வெளியே வராது. கடற்கரையில் நாலு பேர் முன்னால் வைத்துப் பேசக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும், தனியாகப் போகாமல் அந்தத் தெருவின் அன்பியத்தில் (பங்கில் உள்ள சிறு குடும்பக் குழு) பொறுப்பில் இருக்கிற ஓர் அக்காவையோ, எங்களிடம் படித்து இப்போது வேலையில் இருக்கிற பையனையோ கூட்டிப் போவோம். எங்கள் ஊர்களில் பங்குத்தந்தை ஞாயிறு பூசையில் அறிவித்தால் துணைத் தேர்வுத் தேதி ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பள்ளி அறிவிப்புப் பலகையால் அது ஆகாது.

அப்புறம், என்ன பேசுவது? "படிச்சா பெரிய ஆளாகலாம்" என்று அப்பாக்களிடம் சொல்வதை நான் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் பட்டம் வாங்கியவன் வேலையில்லாமல் இருப்பதை அவர் தினமும் பார்க்கிறார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் இருந்து பேச வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவனுடைய பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) வகையில் வரும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். பத்து பாஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை. கடலோரக் காவல்படையில் நாவிக் (மாலுமி) வேலையின் ஒரு பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு போதும், அதற்கு மீனவ இளைஞர்களுக்கு அரசே பயிற்சி நடத்தியிருக்கிறது. வணிகக் கப்பலில் கடைநிலை மாலுமியாகச் சேரும் பயிற்சிக்கும் பத்து கேட்கிறார்கள். "கடல விடச் சொல்லல, கடலுக்கே போனாலும் பத்து வேணும்" என்று சொல்லும்போது பேச்சு நின்று, கேட்கத் தொடங்குகிறார்கள். பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போய் வந்த ஒரு அப்பா, நான் பாஸ்போர்ட் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, "நான் எட்டாங்கிளாஸ். ஏஜெண்டுக்கு நான் குடுத்த பைசா எனக்குத் தெரியும். இவன் எழுதட்டு" என்றார். பையன் எழுதினான், தேறினான்.

சரி, எழுத வைத்தால் போதுமா? தேற வைக்க வேண்டும். கணக்கில் தோற்றவர்கள்தான் எங்களிடம் அதிகம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியல் வரைதலும் வரைபடமும் எட்டு எட்டாக 16. இந்த இரண்டையும் கையில் வைத்திருந்தால் 30 வந்துவிடும், 35 எடுக்க இன்னும் சில இரண்டு மதிப்பெண் வினாக்கள் போதும். ஸ்கேலும் காம்பஸும் எடுத்துத் தினமும் ஒரு படம் வரையச் சொல்வேன். வலைக் கண்ணை ஒரே அளவில் பின்னுகிற கை அவர்களுடையது, அவர்கள் வரைகிற படம் என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கும். இது படிப்பே இல்லை, மனப்பாடம் என்று சொல்கிற ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் அவன் உள்ளே இருக்க வேண்டும், மீதியை அதன் பிறகு சொல்லிக் கொடுக்கலாம். அறிவியலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தாக வேண்டும். செய்முறைத் தேர்வு நடக்கிற சமயத்தில் கடலிலோ கொச்சியிலோ இருந்துவிட்டு, அதனாலேயே தோற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். செய்முறைத் தேதி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வதை ஒரு வகுப்பாசிரியர் ஏற்றுக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

ஒன்பதாம் வகுப்பைப் பற்றிக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் பாதுகாப்பது 6 முதல் 14 வயது வரை. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, எல்லா வேலையையும் தடுக்கிறது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களை மட்டும். எட்டு வரை தடையில்லாமல் தேறி வந்து, தமிழ்ப் பாடத்தையே தட்டுத் தடுமாறி வாசிக்கிற பிள்ளை ஒன்பதில் வந்து நிற்கும்போது, இரண்டு சட்டங்களின் பிடியும் ஒரே வயதில் தளர்ந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்துச் சில பள்ளிகள், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்டுவதற்காக, "டிசி வாங்கிக்கிட்டு வேற எங்கயாவது சேத்துடுங்க" என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்கின்றன. அந்த டிசியோடு வேறு பள்ளிக்குப் போகிறவர்கள் சிலர்தான். மற்றவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் டிசி கேட்டு எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாம் வகுப்புக்குள் வாசிப்பைச் சரிசெய்வதுதான் இதற்கு உண்மையான மருந்து. நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்துத் தினமும் அரை மணி நேரம் சத்தமாக வாசிக்கச் சொன்னால் ஒரு வருஷத்தில் வித்தியாசம் தெரிகிறது. கூடத்தில் நாற்பது பேர் முன்னால் எழுப்பி வாசிக்கச் சொன்னால் மறுநாள் வர மாட்டான்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் நின்றுவிட்டதே சில மாதம் கழித்துத்தான் தெரியும், ஏனென்றால் அவர்கள் வேலைக்குப் போவதில்லை, வீட்டில் இருக்கிறார்கள். அம்மா விடியும் முன்பே அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போயிருப்பாள். சமையலும் தம்பி தங்கையும் மூத்தவளின் தலையில். முதலில் வாரத்தில் ஒரு நாள் லீவ், பிறகு இரண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இப்படி வராமல் போனபோது விசாரித்தால், தடை முழுவதும் மூன்று வயதுத் தங்கச்சிதான். தங்கச்சியை அங்கன்வாடியில் சேர்த்து, அது விட்ட பிறகு அக்கா வரும்வரை பக்கத்து வீட்டு மாமி பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான், அவள் வந்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் எந்தத் திட்டமும் இதைக் கண்டுபிடித்திருக்காது. கல்யாணப் பேச்சு என்றால் மட்டும் தயங்க வேண்டாம், 1098க்குச் சொல்லிவிடுங்கள்.

பணம் பற்றி வீட்டில் பேச ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் ஏராளம் என்பதால் இது நமக்குப் பெரிய விஷயம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். ஆறாம் வகுப்பிலேயே இதைப் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும், பன்னிரண்டில் சொல்லிப் பயனில்லை.

அப்பா இல்லாமல் போன வீடுகள்தான் என்னை அதிகம் வருத்துகிறவை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு இந்தக் கடற்கரையில் எத்தனை மூத்த பையன்கள் ஒரே நாளில் குடும்பத் தலைவர்கள் ஆனார்கள் என்பதை இங்கே உள்ளவர்கள் அறிவார்கள். ஒக்கிக்கு அரசு 20 லட்சம் கொடுத்தது. ஆனால் மற்ற நாட்களில் கடலில் தனியாகக் காணாமல் போகிறவரின் வீட்டுக்கு அப்படி எளிதில் வருவதில்லை. உடல் கிடைக்காவிட்டால், சட்டப்படி ஏழு வருஷம் கழிந்துதான் இறந்ததாகக் கொள்வார்கள். இறப்புச் சான்று கேட்கிற உதவிகள் எல்லாம் அதுவரை நின்றுவிடும், அந்த ஏழு வருஷத்துக்குள் பையனின் பள்ளிப் பருவமே முடிந்துவிடும். சான்று கையில் உள்ளவர்களுக்கு வழி இருக்கிறது. சம்பாதிக்கிற அம்மாவோ அப்பாவோ விபத்தில் இறந்தால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு நிதி போடுகிறார்கள், தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். சான்று இல்லாதவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவைக் கேளுங்கள். மாதம் 4000 ரூபாய். பெற்றோர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளையும் அதில் பார்க்கிறார்கள். தாயை மட்டும் தனியாக அனுப்பாமல் யாராவது கூடப் போங்கள். புதிதாகத் தாலி அறுத்தவள் ஓர் அலுவலகத்தில் எத்தனை மேசைக்கு நடப்பாள்?

மலைப் பக்கம் நான் கேட்டு அறிந்தது கொஞ்சம்தான். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் உள்ள காணிக் குடியிருப்புகளில் பிரச்சினை தூரமும் தண்ணீரும். அங்கே உண்டு உறைவிடப் பள்ளிகளும், தொலைவில் இருந்து வரும் பிள்ளைகளுக்கான போக்குவரத்து உதவியும்தான் தாங்குகின்றன. ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலையில், அதனால் காலையில் பிள்ளைகளைக் கிளப்பி விட வீட்டில் ஆள் இருப்பதில்லை.

கேரளாவில் இருந்து திரும்பி வரும் குடும்பங்களும், செங்கல் சூளைக்கு வரும் வெளிமாநிலத்தாரும் டிசி இல்லாமல் திண்டாடுவார்கள். எட்டாம் வகுப்பு வரை டிசி இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது, கட்டாயக் கல்விச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அது. கட்டண பாக்கியை டிசியில் எழுதக் கூடாது என்று 2024ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

உங்கள் தெருவில் வீட்டோடு நிற்கிற பிள்ளை இருந்தால், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவரிடமோ பெயரைச் சொல்லுங்கள். பழைய எமிஸ் எண்ணை (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) வைத்து அந்தப் பெயரைத் தங்கள் பள்ளிக்கு எடுத்துக்கொள்ள அவர்களால் முடியும். பள்ளிக்கே திரும்ப மாட்டேன் என்கிற பையனை நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அரசு ஐடிஐக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு போதும், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.